வெஸ்ட் ஈலிங் – கிரீன்ஃபோர்டு குட்டி ரயில்: எதற்குப் போட்டார்கள், இனியும் ஓடுமா?

காசில்பார்_மீனா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் மேற்கு லண்டனுக்கு வந்து காசில் பார் பார்க் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். இதே பகுதியில் ஒரு வீடு வாங்கலாமா என்று யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தரகர் "ஸ்டேஷன் பக்கத்திலேயே" என்று அடித்துச் சொன்னார். போய்ப் பார்த்தால் இரண்டு நடைமேடை, ஒரு நிழற்குடை, கார்டு தட்டும் கம்பம், அவ்வளவுதான். டிக்கெட் கவுண்டரும் கிடையாது, ஆளும் கிடையாது. அரைமணிக்கு ஒரு முறை இரண்டு பெட்டி டீசல் வண்டி உறுமிக்கொண்டு வருகிறது, ஐந்தாறு பேர் ஏறுகிறோம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பாதையே முடிந்துவிடுகிறது.

என் கேள்விகள்: மொத்தம் இரண்டரை மைல் கூட இருக்குமா தெரியாத இந்தப் பாதையை எதற்குப் போட்டார்கள்? கிரீன்ஃபோர்டில் நேராகச் சுரங்க ரயில் நிலையத்துக்குள்ளேயே, சென்ட்ரல் லைன் வண்டிகளுக்கு நடுவில் போய் நிற்கிறதே, அது எப்படி? ஞாயிற்றுக்கிழமை ஏன் ஒரு வண்டி கூட இல்லை? பாட்டரி ரயில் என்று செய்திகளில் இந்தப் பாதையின் பேர் அடிக்கடி வருகிறது, அது நிலைக்குமா, இல்லை காட்சிக்கு நாலு நாள் ஓட்டிவிட்டுப் பாதையையே மூடிவிடுவார்களா? வீட்டு விலை சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

---

கைகாட்டி எழுதியது:

இந்தப் பாதையைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார், இனி என்னை நிறுத்த முடியாது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கிரீன்ஃபோர்டுக்கு ஆள் ஏற்றிப் போவதற்காக இதை யாரும் போடவில்லை. 1900களின் தொடக்கத்தில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி பர்மிங்காம் பக்கம் போக ஒரு குறுக்கு வழி தேடிக்கொண்டிருந்தது. அதுவரை ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் லண்டனில் இருந்து பார்க் ராயல், கிரீன்ஃபோர்டு, ரைஸ்லிப் வழியாக ஹை விக்கம் பக்கம் ஒரு புதிய பிரதான பாதை போட்டார்கள், ரைஸ்லிப்புக்கு அப்பால் கிரேட் சென்ட்ரல் கம்பெனியோடு கூட்டாக. அந்தப் புதிய பாதையையும் பேடிங்டனில் இருந்து மேற்கே போகும் பழைய பாதையையும் இணைக்கும் சின்ன இணைப்புதான் உங்கள் வீட்டுப் பக்கம் ஓடுவது. வரைபடத்தில் பாருங்கள், இரண்டு முனையிலும் முக்கோணம் இருக்கும். எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் எந்தப் பக்கமும் திரும்பலாம். சரக்கு வண்டிகளுக்கும், பிரதான பாதையில் ஏதாவது அடைப்பு என்றால் வண்டிகளைத் திருப்பி விடுவதற்கும்தான் அப்படி ஓர் ஏற்பாடு. 

1903இல் ராயல் வேளாண்மைச் சங்கம் பார்க் ராயலில் நிரந்தரக் கண்காட்சித் திடல் போட்டது. அந்த முதல் கண்காட்சிக்கு ஆள் கொண்டுவரத்தான் இங்கே முதலில் பயணி வண்டி ஓடியது. மூன்று வருடம் நடத்திப் பார்த்துவிட்டுச் சங்கம் திடலைக் கைவிட்டது. கூட்டம் வரவில்லை, நஷ்டம். தண்டவாளம் மட்டும் மிஞ்சியது.

அப்புறம்தான் உங்கள் காசில் பார் பார்க் வருகிறது. 1901இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் இருந்து அக்ஸ்பிரிட்ஜ் சாலை வழியே சவுத்தால் வரை மின்சார டிராம் வந்துவிட்டது, 1904இல் அக்ஸ்பிரிட்ஜ் வரை நீண்டது. டிராம் தெருமுனைக்குத் தெருமுனை நிற்கும், கட்டணமும் குறைவு. ரயில்காரனுக்கு வயிறு எரியாதா? பதிலுக்குக் கிரேட் வெஸ்டர்ன் கையில் எடுத்தது நீராவி ரயில்மோட்டார். எஞ்சினும் பெட்டியும் ஒரே உடம்பு. இரண்டு முனையிலும் இருந்து ஓட்டலாம் என்பதால் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு வந்து மறுமுனையில் மாட்டும் வேலை கிடையாது. அந்த வண்டி நிற்பதற்காகச் செலவில்லாமல் போட்ட சின்னச் சின்ன நிறுத்தங்கள்தான் டிரேட்டன் கிரீன், காசில் பார் பார்க் எல்லாம், 1904–05 வாக்கில் வந்தவை. சவுத் கிரீன்ஃபோர்டு பிறகு 1926இல் சேர்ந்தது. டிக்கெட் கவுண்டர் இல்லையே என்று கேட்டீர்களே, பிறந்ததே அப்படித்தான் அம்மா. ரயில் கார்டு (நடத்துநர்) வண்டிக்குள்ளேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்த காலம்.

இனி கிரீன்ஃபோர்டு விஷயம். 1935இல் அறிவித்த பெரிய விரிவாக்கத் திட்டத்தில் சென்ட்ரல் லைனை மேற்கே நீட்ட முடிவானது. கிரேட் வெஸ்டர்ன் பாதையை ஒட்டியே புதிய தண்டவாளம். போர் வந்து எல்லாம் நின்றுபோய், 1947 ஜூன் 30 அன்றுதான் சென்ட்ரல் லைன் கிரீன்ஃபோர்டைத் தொட்டது, அடுத்த ஆண்டு வெஸ்ட் ரைஸ்லிப். நிலையம் கட்டும்போதே மேடைக்கு நடுவில் ஒரு முட்டுத் தடம் (அங்கேயே முடிந்துவிடும் தண்டவாளம்) விட்டு, நம் குட்டி வண்டி அங்கே வந்து நிற்கும்படி செய்துவிட்டார்கள். வண்டியை விட்டு இறங்கினால் ஒரு கைப்பக்கம் நகரத்துக்குப் போகும் சென்ட்ரல் லைன், மறு கைப்பக்கம் வெஸ்ட் ரைஸ்லிப் போவது. படி ஏறி இறங்கும் வேலையே இல்லை. லண்டனில் இவ்வளவு ஒழுங்காக வண்டி மாறும் இடங்கள் சொற்பம்தான். பக்கத்தில் இருந்த பழைய கிரேட் வெஸ்டர்ன் நிலையத்தை 1963இல் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். பெரிய வண்டிகளின் நிலையம் போய்விட்டது, முட்டுத் தடம் பிழைத்துக்கொண்டது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் என் பேருக்கே அர்த்தமில்லை. கிரீன்ஃபோர்டு நெருங்கும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கிரீன்ஃபோர்டு ஈஸ்ட் சிக்னல் கேபின் இன்னும் இருக்கிறது, கைகாட்டி மரங்களும் இருக்கின்றன. லீவரை இழுத்தால் கம்பி ஓடி, சிவப்புக் கை சாய்கிறது. அதிலும் கிரேட் வெஸ்டர்ன் வகை, "போகலாம்" என்றால் கை கீழே இறங்கும். மற்ற கம்பெனிகள் எல்லாம் பிற்காலத்தில் மேலே தூக்கும் கைக்கு மாறின, இவர்கள் பிடிவாதமாக மாறவில்லை. லண்டன் மாநகர எல்லைக்குள் தினமும் பயணி வண்டிக்குக் கைகாட்டி இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் வேறு எங்கே தேடுவீர்கள்?

---

பழைய_ஈலிங்காரன் எழுதியது:

கைகாட்டி தம்பி வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இறங்கிய காலத்தில் இந்த வண்டி வெஸ்ட் ஈலிங்கோடு நிற்கவில்லை பிள்ளை, கிரீன்ஃபோர்டில் ஏறினால் நேரே பேடிங்டன். அதுதான் இதன் மதிப்பே. காலையில் டிரேட்டன் கிரீனில் ஏறி உட்கார்ந்தால் பேப்பரை மடிக்காமல் பேடிங்டன் போய் இறங்கலாம். 2016 செப்டம்பரில் அதை வெட்டினார்கள். இப்போதைய எலிசபெத் லைனுக்குப் பிரதான பாதையில் இடம் வேண்டும், இரண்டு பெட்டி டீசல் வண்டி அங்கே குறுக்கே ஓடிக்கொண்டிருந்தால் சரிவராது என்று காரணம் சொன்னார்கள். வெஸ்ட் ஈலிங்கில் பழைய பால் இறக்கும் தளம் இருந்த இடத்தில் ஐந்தாம் நடைமேடை என்று ஒன்று கட்டி, வண்டியை அதற்குள் தள்ளிவிட்டார்கள். அந்தத் தளம் எதற்கு இருந்தது தெரியுமோ? மேற்கில் இருந்து பால் டாங்கர் பெட்டிகள் வந்து நிற்பதற்கு. 

அன்றைக்கு எல்லோருக்கும் கோபம்தான். அதன் பிறகு 2022இல் எலிசபெத் லைன் நடுநகரம் வழியாக ஓடத் தொடங்கியதும் கோபம் பாதி குறைந்தது என்றுதான் சொல்ல வேணும். வெஸ்ட் ஈலிங்கில் மாறினால் பேடிங்டனோடு நில்லாமல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை போகலாம், மற்றப் பக்கம் ஹீத்ரோ. பழைய நேர் வண்டியை விட இது மோசமில்லை. ஆனால் மாறுகிற இடத்தில் அரைமணி வண்டியைத் தவறவிட்டால் அடுத்த அரைமணியும் குளிரில்தான்.

கிரீன்ஃபோர்டு நிலையத்தைப் பற்றி ஒன்று. அங்கே சாலை கீழே, ரயில் மேலே. அதனால் தெருவில் இருந்து மேலே ஏற்றிவிடும் எஸ்கலேட்டர் வைத்திருந்தார்கள், மரப்படி போட்டது. கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீ விபத்துக்குப் பிறகு சுரங்கத்துக்குள் இருந்த மரப்படிகளை எல்லாம் கழற்றினார்கள் அல்லவோ, இது நிலத்துக்கு மேலே இருந்ததால் 2014 வரை தப்பி நின்றது. லண்டன் சுரங்க ரயில் வலையமைப்பில் கடைசி மரப்படி எஸ்கலேட்டர் அதுதான். ஏறும்போது கட்டைகள் கடகடவென்று முனகுகிற சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் சரிவாக ஏறும் லிஃப்ட் இருக்கிறது, 2015இல் வந்தது, இந்த நாட்டு நிலையங்களில் அந்த மாதிரி முதல் லிஃப்ட். முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய உபகாரம்.

ஞாயிறு பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஆண்டுக்கொரு முறை நன்றாக உறைக்கும். வெஸ்ட் ஈலிங் சாப்பல் ரோட்டில் கனக துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது, ஆகஸ்டில் தேர். பெரும்பாலும் ஞாயிறுதான் வைப்பார்கள், அன்றைக்கு அந்தத் தெருவெல்லாம் கற்பூரமும் தேங்காயும் சனமும். நோர்த்தோல்ட், கிரீன்ஃபோர்டு பக்கத்தில் இருக்கிற நம்மவர் எத்தனை பேர்? அவர்களைக் கோயிலுக்குக் கிட்டக் கொண்டுவந்து இறக்கக் கூடிய ஒரே கோச்சி (ரயில்) அன்றைக்கு ஓடாது. பஸ் அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் திருப்பி விடப்படும். கார் நிறுத்த இடம் கிடைக்காது. இதை யாரும் கணக்கெடுத்து ஒரு விண்ணப்பம் கொடுத்தால் நல்லது.

---

வடக்கு_ஆக்டன் எழுதியது:

எல்லோரும் பாசத்தில் எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்தப் பாதையின் அடிப்படைப் பிரச்சினை வண்டி டீசலா பாட்டரியா என்பதே இல்லை. நிலையங்கள் இருக்கும் இடம். கிரீன்ஃபோர்டு நிலையம் ஏ40 சாலைக்கு வடக்கே, ஓல்ட்ஃபீல்டு லேன் நார்த்தில். கடைத்தெருவான கிரீன்ஃபோர்டு பிராட்வே சாலைக்குத் தெற்கே எங்கேயோ கிடக்கிறது. சவுத் கிரீன்ஃபோர்டு ஏ40 ஓரத்தில், மேட்டின் மேல், லாரிச் சத்தத்துக்கு நடுவில். லண்டனிலேயே மிகக் குறைவான ஆள் ஏறும் நிலையங்களின் பட்டியலை எடுத்தால் அதன் பேரும் டிரேட்டன் கிரீன் பேரும் அடிக்கடி தலைகாட்டும். பிராட்வேயில் இருந்து ஈலிங் போகிறவர் வாசலில் நிற்கும் ஈ1 பேருந்தில் ஏறுவாரா, ஒரு மைல் நடந்து போய் அரைமணிக்கு ஒரு வண்டிக்குக் காத்திருப்பாரா?

மீனா, பாதையை மூடுவார்களா என்று கேட்டீர்கள். மூட மாட்டார்கள், அதற்குக் காரணம் நம் மேல் உள்ள கருணை இல்லை. சரக்கு வண்டிகளும் திருப்பி விடும் வண்டிகளும் இந்த வளையத்தைப் பயன்படுத்துகின்றன, அதனால் தண்டவாளம் எப்படியும் இருக்கும். இங்கே ரயில் சேவையைச் சட்டப்படி மூடுவது பெரிய தலைவலி, ஆலோசனை, விசாரணை என்று இழுக்கும். அதற்குப் பயந்து ஓட்டிய வேடிக்கை வண்டி ஒன்றும் இதே பாதையில் உண்டு. பேடிங்டனுக்கும் சவுத் ரைஸ்லிப் பக்கத்துக்கும் சில்டர்ன் கம்பெனி நாளுக்கு ஒரு வண்டி, கணக்குக்காக ஓட்டிக்கொண்டிருந்தது. எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் பாதை வேலைக்காக ஓல்டு ஓக் காமன் பக்கம் அந்தப் பாதையை 2018 டிசம்பரில் மூடினார்கள். உடனே அந்த ஒற்றை வண்டியைத் தூக்கி நம் வெஸ்ட் ஈலிங்குக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு அதுவும் நின்று, அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு முறை ஒரு பேருந்து! அதில் ஏறிப் பார்க்கவென்றே ரயில் பித்தர்கள் வந்தார்கள்.

என் கருத்து, புதுமைக்குக் கொட்டும் காசில் ஒரு பகுதியை ஞாயிறு சேவைக்கும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டிக்கும் போட்டால் ஆள் தானாக வரும்.

---

மின்தடம் எழுதியது:

ரயில் மின்சாரத் துறையில் வேலை செய்கிறேன் (இந்தத் திட்டத்தில் இல்லை), அதனால் பாட்டரிப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வடக்கு ஆக்டன் சொல்லும் இடப் பிரச்சினை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் "புதுமைக்குக் கொட்டும் காசு" இந்த ஊருக்காகக் கொட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 2016இல் பாதையைத் துண்டித்ததால் என்ன ஆனது? ஒரே ஒரு வண்டி, ஒரே பாதை, போய் வந்து போய் வந்து. பிரதான பாதையில் யார் வேலையையும் கெடுக்காது. வெஸ்ட் ஈலிங்கில் தனி நடைமேடை, ஒவ்வொரு சுற்றுக்கும் சில நிமிடம் சும்மா நிற்கும். சோதனை போட இதைவிட வசதியான இடம் லண்டன் பக்கத்தில் கிடைக்காது. நேர் வண்டியைப் பறித்த அந்த முடிவுதான் பாதையைச் செய்திக்குக் கொண்டுவந்தது.

வண்டியின் கதை: அதன் உடம்பு ஏற்கெனவே லண்டனில் ஓடிக் களைத்த உடம்பு. டிஸ்ட்ரிக்ட் லைனில் 1980இல் இருந்து 2017 வரை ஓடிய வண்டிகள், அலுமினியப் பெட்டி, அதனால் துரு இல்லை. விவாரயில் என்ற கம்பெனி அவற்றை வாங்கி லாங் மார்ஸ்டனில் வைத்து மறுபடி கட்டியது. அதை நிறுவியவர் ஏட்ரியன் ஷூட்டர், முன்பு சில்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்தவர். (ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் தன் வீட்டுத் தோட்டத்தில் டார்ஜிலிங் மலை ரயிலின் அசல் நீராவி எஞ்சின் ஒன்றை வைத்து ஓட்டிய மனிதர். பித்து என்றால் அதுதான் பித்து.) 2022 கடைசியில் விவாரயில் பணமில்லாமல் நொடித்தது, ஷூட்டரும் அதே டிசம்பரில் காலமானார். பெட்ஃபோர்டு பக்கம் மார்ஸ்டன் வேல் பாதையில் விவாரயில் வண்டிகளைத்தான் நம்பியிருந்தார்கள். பராமரிக்க ஆளில்லாமல் அந்தப் பாதையே கிட்டத்தட்ட ஓராண்டு ரயிலில்லாமல் கிடந்தது. கிரீன்ஃபோர்டு பாதையில் நடத்தத் திட்டமிட்ட பாட்டரிச் சோதனையும் அதோடு போயிற்று என்றுதான் பலரும் நினைத்தோம். 2023 தொடக்கத்தில் இப்போது இந்தப் பாதையில் வண்டி ஓட்டும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அந்தத் தொழில்நுட்பத்தையும் வண்டியையும் வாங்கி, அங்கே வேலை செய்த சிலரையும் சேர்த்துக்கொண்டது. 2024இல் பயணிகள் இல்லாமல் இந்தப் பாதையில் சோதனை ஓட்டம் தொடங்கியது.

வண்டியை விட எனக்குச் சுவாரசியம் வெஸ்ட் ஈலிங்கில் தரையில் இருப்பது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே குட்டையான மின்தண்டுத் துண்டுகள். வண்டி வந்து அவற்றின் மேல் நின்றதும் அடியில் இருந்து காலணி போன்ற தொடுமுனைகள் இறங்குகின்றன, அப்போதுதான் மின்சாரம் பாய்கிறது. வண்டி மேலே இல்லாதபோது அது வெறும் இரும்பு, யாராவது தவறி மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த நாட்டில் புதிதாக மூன்றாம் தண்டவாள மின்சாரம் போடப் பாதுகாப்பு அதிகாரிகள் இலேசில் ஒப்புக்கொள்வதில்லை, அதனால் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பு அதிகம். மூன்றரை நிமிடம் போதும் என்பது கணக்கு.

மூன்றரை நிமிடத்தில் ஒரு ரயிலுக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும் என்றால் கொஞ்ச நேரத்துக்குப் பயங்கரமான அளவு தேவை. அதை நேராக ஊர் மின்கம்பியில் இருந்து எடுத்தால் துணைமின் நிலையத்தையே மாற்ற வேண்டிவரும், அதற்குப் பல ஆண்டும் பெரும் பணமும் பிடிக்கும். அதனால் நடைமேடைப் பக்கத்தில் பெட்டிகளில் தனியாகப் பாட்டரி வங்கி வைத்திருக்கிறார்கள். அது சாதாரண இணைப்பில் இருந்து அரைமணி நேரமும் மெதுவாக நிரம்பிக்கொண்டே இருக்கும், வண்டி வந்ததும் மொத்தமாகக் கொட்டும். நம் வீட்டு மாடித் தொட்டிக் கதைதான்: சின்ன மோட்டார் நிதானமாக ஏற்றும், குழாயைத் திறந்தால் வாளி நொடியில் நிரம்பும்.

"மேலே கம்பி இழுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். டிரேட்டன் கிரீன் பக்கம் சுரங்கம், வழியெல்லாம் பாலங்கள், உயரம் போதுமா பார்க்க வேண்டும், போதவில்லை என்றால் தண்டவாளத்தைத் தோண்டி இறக்க வேண்டும், கம்பம் நட வேண்டும், கடைசியில் கிரீன்ஃபோர்டில் இரண்டு பக்கமும் வேறு முறை மின்சாரத்தில் ஓடும் சென்ட்ரல் லைனுக்கு நடுவே கொண்டுபோய் முடிக்க வேண்டும். நாலு கிலோமீட்டருக்கு, ஒரு வண்டிக்கு. எந்தக் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போட மாட்டார்.

---

காசில்பார்_மீனா எழுதியது:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. கோயில் தேர் ஞாயிறு என்பதைக் குறித்துக்கொண்டேன் அண்ணா, நடந்தே வந்துவிடுவோம்.

மின்தடம், ஒரு சந்தேகம். 2025 ஆகஸ்டில் இதே வண்டி ஒரே சார்ஜில் 200 மைலுக்கு மேல் ஓடி உலக சாதனை என்று படித்தேன். இங்கே போய்வர ஐந்து மைல். நாளுக்கு 30 சுற்று என்று வைத்தாலும் 150 மைல்தான் ஆகிறது. அப்படியானால் இரவில் ஷெட்டில் சார்ஜ் ஏற்றினால் போதுமே, வெஸ்ட் ஈலிங்கில் அந்த ஏற்பாடே எதற்கு?

---

மின்தடம் எழுதியது:

நல்ல கேள்வி, இதைப் பத்திரிகைக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. சாதனை 200.5 மைல், அதற்கு முன் 2021இல் ஜெர்மனியில் ஸ்டாட்லர் கம்பெனியின் வண்டி ஒன்று 139 மைல் ஓடியதுதான் பெரியது. ஆனால் அது இரவில் தனியாக நடத்திய நீண்ட தூர ஓட்டம். அன்றாட சேவை வேறு. உங்கள் பாதையில் இரண்டரை மைலுக்குள் ஐந்து நிலையம், ஒவ்வொன்றிலும் நின்று கிளம்ப வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும், முழுதும் கிடைக்காது. ஜனவரியில் ஹீட்டர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் திறக்கும் கதவு, கூட்டம். எல்லாவற்றையும் விட முக்கியம் பாட்டரியின் ஆயுள். தினமும் நிரப்பி அடிமட்டம் வரை வற்றவைத்தால் சீக்கிரம் தேயும், மேலோட்டமாகக் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஏற்றினால் பல மடங்கு நாள் வரும். செல்போனில் 20க்கும் 80க்கும் நடுவில் வைத்துக்கொள் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதே நியாயம். அதோடு இடையில் சார்ஜ் கிடைக்கும் என்றால் வண்டியில் அவ்வளவு பெரிய பாட்டரியைச் சுமக்கவே வேண்டாம், எடை குறையும், விலையும் குறையும்.

சாதனை ஓட்டம் காட்டியது வேறொன்று. எங்காவது வழியில் மாட்டிக்கொண்டாலோ சார்ஜர் கெட்டாலோ வண்டி தன் காலில் வீடு வந்து சேரும். அந்த நம்பிக்கை இல்லாமல் இயக்குபவர்கள் பாட்டரி வண்டியை ஏற்க மாட்டார்கள்.

---

பழைய_ஈலிங்காரன் எழுதியது:

ஆருக்காவது தெரியுமோ, மேற்கு லண்டன் ஆர்பிட்டல் என்று ஒரு திட்டம் பேசுகிறார்களே, அது கிரீன்ஃபோர்டுக்கு வருமோ? என்னுடைய மருமகன் வரும் என்கிறார்.

---

கைகாட்டி எழுதியது:

வராது அண்ணை. அது ஹவுன்ஸ்லோவில் இருந்து பிரென்ட்ஃபோர்டு, ஆக்டன் வழியாக ஹென்டன், வெஸ்ட் ஹாம்ஸ்டெட் பக்கம் போகும் யோசனை, நம் பாதையைத் தொடாது. நம் பாதையை வடக்கே நீட்டி சவுத் ரைஸ்லிப்போடு சேர்த்து, சில்டர்ன் வண்டிகளை வெஸ்ட் ஈலிங்குக்குக் கொண்டுவரலாம் என்ற பேச்சு வேறு. தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது, அந்த ஒற்றை வேடிக்கை வண்டி அதில்தான் ஓடியது. சில்டர்ன் வண்டிகளின் லண்டன் முனையமான மேரிலபோன் நிரம்பி வழிகிறது என்பதால் அவ்வப்போது தலைதூக்கும். ஆனால் அப்படி வந்தால் ஐந்தாம் நடைமேடையை யார் பிடிப்பது, நம் வண்டியா விக்கம் வண்டியா? அது இரண்டுக்கும் போதாது.

மீனாவின் கடைசிக் கேள்விக்கு, பாட்டரி நிலைக்குமா என்பதற்கு, என் பதில்: சார்ஜர் நிலைக்கும், இந்த வண்டி நிலைக்காது. நாற்பது வயது தாண்டிய பெட்டி, ஒரே ஒன்று, மாற்று கிடையாது. அது பழுது பார்க்கப் போனால் திரும்பவும் டர்போ என்ற 1990களின் டீசல் வண்டிதான் வரும். அந்த டர்போக்களும் கிழடு. டீசல் மட்டுமே எரிக்கும் வண்டிகளை 2040க்குள் ஒழிக்க வேண்டும் என்று 2018இலேயே அரசு பேசிவிட்டது. விண்ட்சர், மார்லோ, ஹென்லி என்று தேம்ஸ் ஓரத்திலேயே இதே மாதிரி மூன்று குட்டிக் கிளைப் பாதைகள் இருக்கின்றன. அவை பிரதான பாதையில் இருந்து பிரியும் ஸ்லவ், மெய்டன்ஹெட், ட்வைஃபோர்டு மூன்று இடத்திலும் தரையில் இந்தத் துண்டுகளைப் பதித்தால் ஒரே வகை வண்டி நாலு பாதைக்கும் பொது. அப்போதுதான் புதிய வண்டி வாங்க ஒரு நியாயம் பிறக்கும், உதிரி வண்டியும் பங்கு போடலாம். கிரீன்ஃபோர்டுக்கு மட்டும் என்று யாரும் புது வண்டி வாங்கித் தர மாட்டார்கள்.

ரயில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அரசு கைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் நேரம் இது, முடிவெடுக்கும் நாற்காலிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் வீடு வாங்குவதானால் எலிசபெத் லைனுக்கு நடந்து போகிற தூரமா என்று பார்த்து வாங்குங்கள், குட்டி ரயிலை வைத்து விலை ஏற்றித் தராதீர்கள். தரகரிடம் பேரம் பேசும்போது "ஞாயிறு வண்டி இல்லையே" என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள்.

---

வடக்கு_ஆக்டன் எழுதியது:

நாலு பாதைக்கும் பொது வண்டி என்பதை ஏற்கிறேன், ஆனால் மார்லோ வண்டி போர்ன் எண்டில் திசை மாறிப் போக வேண்டும், அங்கே நிற்கிற நேரம் குறைவு. மெய்டன்ஹெட்டில் மட்டும் சார்ஜ் ஏற்றினால் போதுமா என்று மின்தடம் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

---

மின்தடம் எழுதியது:

தாராளமாகப் போதும். மெய்டன்ஹெட்டில் இருந்து மார்லோ போய்த் திரும்ப பதினைந்து மைல் கூட வராது. திசை மாறுவதால் மின்சாரச் செலவு கூடாது, ஓட்டுநர் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு நடக்கிறார், அவ்வளவே. சிக்கல் மெய்டன்ஹெட் நடைமேடையில் வண்டி நிற்க மூன்றரை நிமிடம் கால அட்டவணையில் எப்போதும் இருக்கிறதா என்பதுதான். தாமதமாக வந்த வண்டியை உடனே திருப்பி அனுப்ப வேண்டிய நாளில் சார்ஜ் ஏற்றாமலே கிளப்பிவிடுவார்கள். அதனால்தான் இரண்டு மூன்று சுற்றுக்குக் கையிருப்பு வைத்துப் பாட்டரி அளவை முடிவு செய்ய வேண்டும்.